மாட்டுக் கதைக்குப் பின்னால்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிம்மா,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், அத்தான், நம் வாலுப் பெண் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் நின்றதா?

நின்றுகொண்டு படிக்கிறாயென்றால் உட்கார். வேலை கிடைத்துவிட்டது! பிரான்சில், ஊர் என்று சொல்ல ஒரே ஒரு தெரு, மீதியெல்லாம் புல்வெளி, அப்படி ஒரு நாட்டுப்புறம். அந்த வட்டாரத்துக்கே இருந்த மாட்டு டாக்டருக்கு இடுப்பு போய்விட்டது. ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். நான் பரீட்சை பரீட்சையாக எழுதித் தள்ளியது வீண் போகவில்லை. மே கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறோம்.

சொந்தபந்தம் ஒருவர் விடாமல் வேண்டாம் என்கிறார்கள். அதனாலேயே இன்னும் வேகமாகப் பெட்டி கட்டுகிறேன். நேற்று பெரியப்பா வந்தார். கோபம் வந்தால் அவருடைய பல்செட் அவரை முந்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும், உனக்குத் தெரியும். அது டகடகவென்று ஆட, "பொம்பளை மாட்டு டாக்டர்ங்கிறதையே இப்பத்தான் ஜீரணிச்சிருக்கோம். இதுல பாஷை தெரியாத ஊருக்கு வேறயா?" என்றார். "இங்க இருக்கிற மாடு மட்டும் என்கூட தமிழ்லயா பேசுது பெரியப்பா?" என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அத்தான் பள்ளிக்கூட வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயிற்று. "அங்க போயி நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பவர்களிடம், "டாக்டரம்மாவுக்கு டிரைவர்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிக்கிறார்.

போன நவம்பரில் நேர்முகத்துக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். மாட்டுக்காரர் மலை மாதிரி ஆள். மாட்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு, நான் மாட்டைப் பார்த்தால் இவர் பதில் சொல்கிறார். தின்கிறதாம், தூங்குகிறதாம், ஒன்றுமே இல்லையாம். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் "வெந்நீர்" என்றேன். ஓடிப்போனார். பள்ளிக்கூட லீவில் என் பையைத் தூக்கிக்கொண்டு வருவாயே, எத்தனை வாளி வெந்நீரை நாம் சும்மா கீழே கொட்டியிருப்போம்! மாட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்வரை மாடு வலியைக் காட்டாது. ஆளை அப்புறப்படுத்தத்தான் வெந்நீர். அவர் தலை மறைந்ததும் அந்தப் பசு காலை நொண்டிக் காட்டியது பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெந்நீர் எல்லா நாட்டிலும் வேலை செய்கிறது.

வீட்டை விற்கப்போவதில்லை. பூட்டிவிட்டுப் போகிறோம். சாவியை மாப்பிள்ளையிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அவரிடம் சொல். இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். உங்கள் போன் கடை மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. நீ பேச வந்தால் பின்னால் நாலு பேர் குழாயும் வாளியும் விலை கேட்கிறார்கள். எழுதுவதே நிம்மதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இருமல் தேவலை. அவர் நல்ல டாக்டரிடம் அழைத்துப் போனார். அத்தானுக்கும் வாலுக்கும் என் அன்பு.

உனக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். உன் கடிதத்தை அவர்தான் சாப்பாட்டு மேசையில் எனக்குப் படித்துக் காட்டினார். தபாலெல்லாம் கடைக்குத்தான் வரும், அவர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருவார். மாட்டுக் கதை வந்ததும், "உங்க அக்கா லெட்டர்ல பாதி சாணி நாத்தம்" என்று சொல்லி அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டார். மாட்டுக் கதை என்றாலே அவர் படிக்கமாட்டார். பிறகு பாத்திரம் கழுவும்போது அதை நான் எடுத்துப் படித்துச் சிரித்தேன்.

சாவியைத் தாராளமாக வாங்கிக்கொள்கிறேன் என்றார். காலி வீடு பாழாகிவிடுமாம், முன் அறையில் கடைச் சரக்கு கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் பல்செட் செய்கிற லேப் வேலையை விட்டுவிட்டேன். பிளாஸ்டர் தூசி இருமலுக்கு ஆகாது என்று அவர் சொன்னார். இப்போது நேரம் நிறைய இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கை

பிப்ரவரி 10

குட்டிம்மா,

நாங்கள் நலம். உன் நலத்தை நீ எழுதிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

லேபை விட்டாயா? வாயில் அச்செடுத்து அனுப்பும் பல் டாக்டர்கள், "அந்தப் பொண்ணுகிட்டயே குடுங்க" என்று சீட்டு எழுதி அனுப்புவார்களே, அந்த வேலையையா? தூசி என்றால் மூக்கில் துணி கட்டு. அதற்காக யாராவது கையை வெட்டிக்கொள்வார்களா?

உன் கடிதத்தை இரண்டாவது முறை படித்தேன். அவர் சொன்னார், அவர் பார்த்தார், அவர் அழைத்துப் போனார். நீ எங்கேயடி? பாத்திரம் கழுவும்போது சிரித்தாயே, அந்த ஓர் இடத்தில்தான் என் தங்கை இருந்தாள்.

மாப்பிள்ளை, இதை நீங்கள் சத்தமாகப் படிக்கிறீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நன்றாகக் கேட்கும்படி படியுங்கள். மார்ச்சில் ஒரு வாரம் என் தங்கையை இங்கே அனுப்பி வையுங்கள். அனுப்பி வையுங்கள் என்பதே தப்பு, அவள் பார்சல் இல்லை. அவள் வருவாள், நீங்கள் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கினால் போதும்.

வீடு தலைகீழாகக் கிடக்கிறது. வாலு தன் சைக்கிள் இல்லாமல் விமானம் ஏறமாட்டேன் என்கிறாள். அத்தான் கேசட் போட்டுப் பிரெஞ்சு படிக்கிறார். அதில் பேசுகிற அம்மாளுக்கு அவர்மேல் ஏதோ கோபம் போல, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நேரில் பேசலாம். வா.
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

மார்ச்சில் வர முடியாது. கடையில் புதுச் சரக்கு வருகிற மாதம். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். நீ எழுதியதைப் பற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கை

(கீழே வேறு கையெழுத்தில்:) அக்காவுக்கு வணக்கம். சாவியை எந்தத் தேதியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதவும்.

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

இங்கே யாவரும் நலம். சாவி விஷயம் மனதில் இருக்கிறது மாப்பிள்ளை, கவலை வேண்டாம். குட்டிம்மா, உனக்கு மட்டும் ஒரு சுவாரசியமான கேஸ் சொல்கிறேன்.

பசுவுக்கு வயிறு உப்புசம். இடது பக்கம் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். அசை போடவில்லை. சாணி தண்ணீராகப் போகிறது, நிறம் கறுத்த பச்சை, நடுநடுவே நுரை. குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கினேன். புளித்த வாயு புஸ்ஸென்று வெளியே வந்தது, பாதி என் முகத்தில். பிறகு எண்ணெய் ஊற்றி, கையை உள்ளே விட்டு,

இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பார். இனி நீயும் நானும்தான்.

பூசி மெழுகாமல் சொல். அடிக்கிறாரா? பூட்டி வைக்கிறாரா? நீ என்ன சாப்பிட்டாய் என்று எழுதிக்கூட எவ்வளவு நாள் ஆயிற்று! தீவனத்தொட்டியைப் பார்த்தே மாட்டுக்கு என்னவென்று சொல்கிறவள் நான், என்னிடம் ஒளிக்காதே.

நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டுச் சாவி அவருக்கு இல்லை, உனக்கு. முன் அறையில் உன் பெஞ்சைப் போட்டு லேப் வை. படுத்துவிட்ட பசுவிடம் எழுந்திருக்கிறாயா என்று நான் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, கயிற்றைப் போட்டுத் தூக்கிவிடுவேன். உன் பதில் வந்த மறுநாள் நானும் அத்தானும் வேனோடு வந்து உன்னை ஏற்றிக்கொண்டு வருகிறோம். நாங்கள் கிளம்புவதற்குள் இது முடிய வேண்டும். நீயும் மாட்டுக் கதைக்குப் பின்னால் எழுது.

ஆக, சாயங்காலம் அந்தப் பசு ஒரு கூடை சாணி போட்டுவிட்டு அசை போட ஆரம்பித்தது. மாட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

பதில் போடு.
அக்கா

ஏப்ரல் 10

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பத்தார் அனைவரும் நலம்தானே?

உங்கள் தங்கைக்கு எழுத நேரம் இல்லை, ஆகவே நான் எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை, எதையும் யோசிக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்தால் இரண்டு நாள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கால்நடைச் செய்திகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது.

சாவிக்குத் தேதி இன்னும் நீங்கள் எழுதவில்லை. குழாய்ச் சரக்குக்கு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பின்தெருவில் ஒரு மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது. உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். பால் கட்டி கட்டியாக, மஞ்சளாக வருகிறதாம். நடுவில் ரத்தமும், கூடவே ஒரு வாடையும்.

இதுவரை அவர் என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை என்று எழுதியதும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கருமம், நீயே மடிச்சு ஒட்டி வை" என்று போய்விட்டார்.

இத்தனை நாள் பதில் போடாதது பயத்தால் இல்லை. கோபம். ஆமாம், உன்மேல்தான்.

அடிக்கிறாரா என்று கேட்டாய். இல்லை. கை ஓங்கியதுகூட இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல வராமல் தொண்டையிலேயே நிற்கிறது. என்ன துணி உடுத்த வேண்டும், எந்த ஜன்னலைத் திறக்கலாம், மாடிக்கு எப்போது போகலாம், எல்லாம் அவர்தான் சொல்வார். சிரித்த முகமாகச் சொல்வார். லேபை நான் விடவில்லை அக்கா. அவரே அங்கே போய், நான் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிவித்தார். என் மெழுகுக் கத்தி, ஸ்பிரிட் விளக்கு, பாலிஷ் மோட்டார் எல்லாவற்றையும் கடைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார். பத்திரமாக இருக்குமாம். இருமல் எப்போதோ நின்றுவிட்டது. எனக்கு மூச்சுதான் முட்டுகிறது.

உன் கடிதத்தைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. கயிற்றைப் போட்டுத் தூக்குவாயா? நான் மாடு இல்லை. அவரும் எனக்காக முடிவு செய்கிறார், நீயும் எனக்காக முடிவு செய்கிறாய். அவர் குரல் கட்டை, உன் குரல் கீச்சு, வேறென்ன வித்தியாசம்? வேனைக் கொண்டுவராதே. வந்தாலும் ஏறமாட்டேன்.

நானே வருகிறேன். மே 14. லேபில் என்னோடு இருந்தாளே, மெழுகு அக்கா, அவள் குழாய் வாங்குகிற மாதிரி கடைக்கு வந்தாள். நான் சாப்பாடு கொண்டுபோன நேரம். அவர் சரக்கெடுக்க உள்ளே போன இடைவெளியில் பேசி முடித்துவிட்டோம். வண்டி அவள் பொறுப்பு. வீடும் சாவியும் எனக்கு வேண்டும், அதை நீ கொடுப்பதாக இல்லை, நான் கேட்டு வாங்குவதாக வைத்துக்கொள்.

உன்னால் ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அவருக்கு வெந்நீர் சொல்லிவிடு. நல்ல தூரத்தில்.

தங்கை

மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? கால்நடைச் செய்தி ஒன்றும் இல்லை, தைரியமாக முழுவதும் படிக்கலாம்.

மே 14 அன்று எங்கள் சாமான் பெட்டி துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. எங்கள் வீட்டுக்காரர் வாத்தியார், அதட்டிப் பேசத் தெரியாது. நாலு இடத்தில் பேசிப் பழகிய ஆம்பளை ஒருத்தர் கூட நின்றால்தான் அங்கே வேலை நடக்கும் என்கிறார்கள். உங்களை விட்டால் எனக்கு யார்? அதிகாலை ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும். சாவிப் பேச்சையும் அங்கேயே வைத்து முடித்துவிடலாம்.

குட்டிம்மாவை அழைத்து வராதீர்கள், ஒரே கூட்டம்.

அக்கா

மே 14

உங்களுக்கு,

பயணம் சௌகரியமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிடங்குப் பூட்டை உடைத்துவிட்டேன். உங்கள் கடைச் சுத்தியல்தான், நல்ல சரக்கு. என் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வரமாட்டேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன். சாப்பாடு செய்யவில்லை.

எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நீங்கள்தான் முதலில் படித்தீர்கள். இது ஒன்று மட்டும் உண்மையிலேயே உங்களுக்கு எழுதியது.

(பெயர் எழுதவில்லை. கையெழுத்துத் தெரியும்.)

ஜூன் 10

என் குட்டிம்மா,

வந்து சேர்ந்தோம். எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா?

கல் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஒரு மாடு உள்ளே எட்டிப் பார்க்கிறது. ஊரில் எல்லோரும் எங்களைப் பார்க்கிறார்கள், நாங்களும் பதிலுக்கு அவர்களைப் பார்க்கிறோம். முதல் நாளே ஒரு பண்ணைக்காரர், "டாக்டர் எங்கே?" என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் என்னைக் காட்டினார். அவர் மறுபடியும் அத்தானையே பார்த்தார். நான் கையுறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கன்றை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார். வாலு சைக்கிளில் ஊரைச் சுற்றிவிட்டு முழங்கால் சிராய்ப்போடு வந்தாள், கூடவே இரண்டு சிநேகிதிகள்.

துறைமுகத்தில் மாப்பிள்ளை சாவி கேட்டபோது அத்தான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "சாவி யார்கிட்ட இருக்கணுமோ அவங்ககிட்ட இருக்கு" என்று சொன்னாரே, அதை இங்கே வந்தும் தினம் ஒரு முறை சொல்லிக் காட்டுகிறார். தாங்கவில்லை.

இப்போது கவனமாகக் கேள். இருட்டினால் கதவைத் திறக்காதே. வாசல் அறையில் பெஞ்சைப் போடாதே, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். முன் அறை என்று நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, பின் அறையில் போடு. சோபா உறையை எடுக்காதே. பெயர்ப்பலகை கிலகை எதுவும் இப்போதைக்கு மாட்டாதே, கண்ணை உறுத்தும். இன்னொன்று, நீ தனியாக இருக்கிறாயே என்று மனசு கேட்கவில்லை. கிளம்புகிற அன்று உன் கையில் சாவியைக் கொடுத்தேனே, உனக்குத் தெரியாமல் ஒரு மாற்றுச் சாவியைப் பெரியப்பாவிடமும் கொடுத்துவிட்டு வந்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும். ஒன்று என்னிடமும் இருக்கிறது.

உடனே பதில் எழுது. இனி யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள்!
அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம் வருகிறது. பசிக்கிறது. நீ, அத்தான், வாலு, எட்டிப் பார்க்கிற மாடு எல்லோரும் சௌக்கியமா?

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே உன் மாற்றுச் சாவி வந்துவிட்டது. போன மாதம் ஒரு காலை. வாசல் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து மெழுகு உருக்கிக்கொண்டிருக்கிறேன், கதவு தானாகத் திறக்கிறது. பெரியப்பா. அவருக்குப் பின்னால் இவர், உன் மாப்பிள்ளை.

உன்னை நினைத்து அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, நீ எதிரில் இருந்திருந்தால் மெழுகை உன் தலையில் ஊற்றியிருப்பேன்.

இவர் அதே சிரித்த முகத்தோடு, "கெளம்பு, வண்டி வெளிய நிக்குது" என்றார். பெரியப்பா, "குடும்பம்னா ஆயிரம் இருக்கும்மா, நாலு வார்த்தை பேசி" என்று ஆரம்பித்தார். பல்செட் டகடகவென்று ஆட ஆரம்பித்தது. அவர் பேச, அது பேச, இவர் பின்னால் தெம்பாக நிற்க, நான் அந்தப் பல்லையே பார்த்தேன்.

"பெரியப்பா, செட் இப்படி ஆடுதே, ஈறு புண்ணாயிருக்குமே. கழட்டிக் குடுங்க, இப்பவே சரி பண்ணித் தரேன்" என்றேன்.

"அதான் ஒரு வருஷமா வலி" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்!

அதன் பிறகு அவரால் என்ன பேச முடியும்? கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறையில் இவரும் நானும்தான் மிச்சம். பெரியப்பா பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒத்தாசைக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

"உங்க அக்கா சொல்லிக் குடுத்து ஆடுற" என்றார்.

"அக்காவும்தான் என்னைக் கேக்காம சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்கா. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. நான் வரல. இன்னைக்கும் வரல, என்னைக்கும் வரல. கதவு உங்க பின்னாலதான் இருக்கு."

தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னேன். எதிர்வீட்டில் கோலை வைத்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த அம்மாள் அந்தக் கோலோடே நம் வாசலுக்கு வந்து நின்றாள். இவருக்கு முதல் முறையாகச் சிரிப்பு மறைந்தது. சிரிப்பில்லாத அந்த முகம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது தெரியுமா? இதற்கா இத்தனை நாள் பயந்தேன்! போய்விட்டார். மறுபடி வந்தாலும் இதையே சொல்வேன், தொண்டை பழகிவிட்டது.

பெரியப்பாவுக்கு உள்பக்கம் உறுத்துகிற இடத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, "ஆ, ஊ" என்று சொல்லிப் பார்த்தார். ஆடவில்லை. கூலி என்ன என்று கேட்டார். கையை நீட்டினேன். சாவியை வைத்துவிட்டுப் போனார். இப்போது ஊரெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிகிறாராம். அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள், ஒரு பல் டாக்டரும் அச்சு அனுப்பியிருக்கிறார்.

நீ எழுதிய கட்டளைகளுக்கு வருகிறேன். பெஞ்ச் வாசல் அறையில்தான் இருக்கிறது, வெளிச்சம் அங்கேதான் வருகிறது. சோபா உறையை எடுத்துத் துவைத்துவிட்டேன். பலகை மாட்டியாயிற்று, பெரிய எழுத்தில். உறுத்துகிற கண் உறுத்தட்டும்.

உன் அன்பு எனக்குத் தெரியும் அக்கா. நீ இல்லாவிட்டால் நான் இன்னும் அந்த மேசையில் உட்கார்ந்து, என் கடிதத்தை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனாலும் சொல்கிறேன். அன்று சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டு வாசல் பூட்டை மாற்றிவிட்டேன். புதுப் பூட்டுக்குச் சாவி என்னிடம் மட்டும்தான். உன்னிடம் இருப்பது இனிச் சேராது, வாலுவுக்கு விளையாடக் கொடு.

லீவுக்கு மூன்று பேரும் வாருங்கள். வந்தால் கதவைத் தட்டு. நான் திறக்கிறேன்.

தங்கை